வினோ அழுத்திய மஞ்சள் சிரிப்பு

அண்ணனிடமிருந்து போன் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவோம்.

ஏனென்றால் அவர் போன் பண்ணுகிற ஆளே இல்லை. பண்ணினாலும் அரை நிமிஷம்தான். "வூட்ல எல்லாம் சௌக்கியமா? சரி, வச்சிடறேன்." நாம் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லைன் கட்டாகியிருக்கும்.

அப்பேர்ப்பட்ட அண்ணன் சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார் போல.

"இன்னாண்ணா?"

"ஒண்ணும் இல்ல... நீ எப்ப வர்ற இங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"அந்தப் பொம்பள பேச மாட்டேன்றா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியோடு சண்டையா? இந்த வயசிலா?

"யாரு, அண்ணியா?"

"உங்க அண்ணி பேசாம இருந்தா நான் எதுக்கு உனக்கு போன் பண்றேன்? அவ இல்லடி. வினோ போன்ல ஒரு பொம்பள பேசிக்கினு இருப்பாளே... மூச்ச இழு, மூச்ச வுடுன்னு. அவ. கொஞ்ச நாளா சத்தமே காணோம்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கே வர்றேண்ணா" என்றேன்.

புதிதாக இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அண்ணன் பெயர் தட்சிணாமூர்த்தி. வில்லியனூர் பக்கம் ஒதியம்பட்டில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் போடுகிறவர். அண்ணி கலாவதி. ஒரே மகள். அவளை இங்கே வினோ என்று சொல்கிறேன். அது அவள் உண்மையான பெயர் இல்லை. "எழுதுங்க அத்த, யாருக்காவது உதவட்டும். ஆனா பேர மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். அண்ணன் பெயரையும் மாற்றலாம் என்று கேட்டதற்கு, "என் பேர ஏன் மாத்தணும்? நான் இன்னா திருடனா?" என்று கோபித்துக்கொண்டார். அதனால் அது அப்படியே இருக்கிறது.

வினோ பி.காம். படித்தவள். கல்யாணம் வரைக்கும் பாண்டி டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கட்டிக்கொடுத்தது மதகடிப்பட்டில். மாப்பிள்ளை சதீஷின் குடும்பத்துக்கு அங்கே ஹார்ட்வேர் கடை. பெயிண்ட், பைப், ஆணி, கதவுத் தாழ்ப்பாள்... எல்லாம் கிடைக்கும். சதீஷ் தங்கமான பையன். என்ன, கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா? உலகத்தில் எந்தப் பிரச்னை வந்தாலும் அதற்கென்று ஒரு சாமான் இருக்கும் என்று நம்புகிறவன்.

வினோ உண்டானபோது அவளுக்கு ஒரே பயம். பிரசவ வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பயம். ஸ்கேன் என்றால் பயம். ராத்திரியில் படபடப்பு வேறு. சதீஷ் என்ன செய்தான்? தேடித் தேடி ஒரு ஆப் கண்டுபிடித்து அவள் போனில் போட்டுக் கொடுத்தான். கர்ப்பிணிகளின் மன அமைதிக்கான ஆப். தமிழில் பேசும்!

பேசும் என்றால் எந்தத் தமிழ்? 'உங்கள் கவனத்தை மென்மையாக மூச்சின் மீது கொண்டு வாருங்கள்... எழும் எண்ணங்களை மேகங்களைப் போலக் கடந்து செல்ல விடுங்கள்...' வெண்ணெயில் கத்தியை இறக்கியது போல ஒரு பெண்குரல். பின்னால் லேசாகப் புல்லாங்குழல்.

வளைகாப்பு முடிந்து வினோ ஒதியம்பட்டுக்கு வந்தபோது இந்தக் குரலும் கூடவே வந்தது. இயர்போன் போட்டால் காது வலிக்கிறது என்று ஸ்பீக்கரிலேயே வைப்பாள். முதல் நாள் அண்ணி அதைக் கேட்டுவிட்டு, "இது எதுக்குடி மூச்சு வுடக் கத்துக்குடுக்குது? பொறந்ததுலேர்ந்து வுட்டுகினுதான இருக்கோம்?" என்றாராம்.

அண்ணனுக்கு வேறு பிரச்னை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்தில் துண்டை விரித்துப் படுக்கிற நேரமும், வினோ அந்த ஆப்பைப் போடுகிற நேரமும் ஒன்று. அந்தக் குரல் கால் கட்டைவிரலில் ஆரம்பித்து, 'இப்போது உங்கள் பாதங்களைத் தளர்த்துங்கள்... கணுக்கால்களைத் தளர்த்துங்கள்...' என்று மெதுவாக மேலே ஏறி வரும். முழங்காலைத் தாண்டுவதற்குள் அண்ணனிடமிருந்து குறட்டை கேட்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் வினோ. எனக்கு வீடியோ எடுத்து அனுப்புவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அது நிஜமாகவே உதவியது. படபடப்பு குறைந்தது. தூக்கம் வந்தது. ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போது கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னிடம், "தூங்குறாளா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கவனிக்கிறா" என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அந்த ஆப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி கேட்கும். 'இன்று நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?' கீழே வரிசையாக மஞ்சள் மூஞ்சிகள். பல்லைக் காட்டிச் சிரிக்கும் மூஞ்சி முதல், அழுகிற மூஞ்சி வரை. நமக்குப் பொருத்தமான மூஞ்சியை அமுக்க வேண்டும். அமுக்கியது கணவரின் போனிலும் தெரிகிற மாதிரி ஒரு வசதி இருந்தது. சதீஷ் ஆசையாக அதைச் செய்து வைத்திருந்தான். மதகடிப்பட்டில் கடையில் உட்கார்ந்துகொண்டே, ஒதியம்பட்டில் பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளலாம். நல்ல வசதிதானே?

குழந்தை பிறந்தது. சிசேரியன். பெண் குழந்தை, தலை நிறைய முடி. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வராண்டாவில் யார் ஜாடை என்று சண்டை போட்டோம். வினோ சோர்வாக இருந்தாள். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னோம். நானும்தான்.

அதற்குப் பிறகுதான் அண்ணனின் அந்த போன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அறையில் வினோ கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, சுத்தமாக.

"நல்லா இருக்கியாடி?"

"நல்லா இருக்கேன் அத்த."

சிரித்தாள். நானும் நம்பி, குழந்தையைக் கொஞ்சப் போய்விட்டேன். காபி குடித்துக்கொண்டே பின்பக்கம் போனால், மாட்டுக் கொட்டகைப் பக்கம் அண்ணன் நிற்கிறார்.

"கேட்டியா?"

"கேட்டேன். நல்லா இருக்கேன்றா."

"என்கிட்டயும் அதத்தான் சொல்றா" என்றார். மாட்டுக்கு ஒரு பிடி வைக்கோலை அள்ளிப் போட்டார். "சிரிச்சிகினேதான் சொல்றா. ஆனா கொழந்த அழுதா திரும்பிப் பாக்க மாட்டேன்றா. உங்க அண்ணிதான் ஓடறா. பால் குடுக்கறப்ப செவுத்தப் பாத்துகினு குடுக்கறா. எனக்கு இன்னா கேக்கறதுன்னு தெரியல. அப்பங்காரன் பொண்ணுகிட்ட இத எப்படிக் கேக்கறது?"

வாஸ்தவம்தானே? நம் ஊர் அப்பாக்களுக்கு மகள் பெரியவளானதும் பேச்சு பாதியாகிவிடும். கல்யாணமானதும் அதிலும் பாதி. பிள்ளை பெற்று வந்தவளிடம் பேச மிச்சம் என்ன இருக்கிறது? சாப்பிட்டியாம்மா — அவ்வளவுதான்.

ஆனால் அண்ணன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. துண்டை விரித்துப் படுக்கவில்லை. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வினோ... அந்தப் பொம்பளய கொஞ்சம் வைம்மா."

அறைக்குள்ளிருந்து, "எதுக்குப்பா?" என்றாள்.

"எனக்கு பிரஷராம். டாக்டர் மூச்சுப் பயிற்சி பண்ணச் சொல்றாரு."

பச்சைப் பொய். அண்ணன் டாக்டரைப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. வினோ போனை எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. நானும் ஓரமாக உட்கார்ந்தேன்.

குரல் ஆரம்பித்தது. பிரசவம் ஆகிவிட்டது என்று அந்த ஆப்புக்குத் தெரியும் போலிருக்கிறது. பாடமும் மாறியிருந்தது. 'அன்புத் தாயே... கண்களை மூடுங்கள். உங்கள் குழந்தையின் முகத்தை மனக்கண்ணில் பாருங்கள். உங்கள் நெஞ்சில் ஊறிப் பெருகும் அன்பைக் கவனியுங்கள்...'

அண்ணன் கண்ணை இறுக மூடி, நெஞ்சை நிமிர்த்தி, மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் வினோவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

'அந்த அன்பு உடல் முழுவதும் பரவுவதை உணருங்கள்...'

"எனக்கு ஒண்ணும் வரலைப்பா."

அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"எல்லாருக்கும் வருதாமே. இந்தம்மாவும் தெனம் சொல்லிச்சி. நானும் கண்ண மூடிகினு பாத்தேன். வரவே இல்லப்பா. யாரோட கொழந்தயோ மாதிரி இருக்கு. அது அழுதா எனக்கு பயமா இருக்கு. நான்லாம் ஒரு அம்மாவாப்பா?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் தேடவே இல்லை. போனை எடுத்தார். எந்த இடத்தில் அமுக்குவது என்று தெரியாமல் குப்புறக் கவிழ்த்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். உள்ளேயிருந்து அந்தக் குரல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"வரலன்னா வரல. அதுக்கு இப்ப இன்னாடி?" என்றார். நகர்ந்து போய் அவள் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "நீ சாப்டு, தூங்கு. நாங்க இல்ல? வர்றப்ப வரட்டும்."

வினோ அவர் தோளில் தலையைச் சாய்த்து ஓவென்று அழுதாள். மகள் பெரியவளான பிறகு அண்ணன் அவளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தொட்டார். தலையைத் தடவவில்லை — அவருக்கு அதெல்லாம் வராது. முழங்கையைப் பிடித்துக்கொண்டார், வரப்பில் வழுக்கி விழப் போகிறவளைப் பிடிக்கிற மாதிரி.

அவள் அழுது கொஞ்சம் ஓய்ந்ததும் நான் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். கேட்கவும் பயம், கேட்காமல் விடவும் பயம். கேட்டேன்.

"வினோ, உன்னையோ கொழந்தயையோ ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதாம்மா?"

"பண்ணிக்கணும்னு இல்ல அத்த..." நிறுத்தினாள். "நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லா இருக்கும்னு தோணும். அம்மாதான் எல்லாத்தயும் பாத்துக்குதே. நான் எதுக்கு?"

அண்ணி எப்போது வந்து கதவருகில் நின்றார் என்று தெரியவில்லை. கையில் குழந்தையின் துணிகள். "ஐயோ, நான் உனக்கு ஒத்தாசைன்னு நெனச்சிதானடி பண்ணேன்..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். அண்ணிக்கு அழுகையோடு பயமும் வந்துவிட்டது. கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போட்டால் சரியாகும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மெண்டல் டாக்டருகிட்டயா? சம்பந்தி வூட்ல தெரிஞ்சா என் பொண்ணு வாழ்க்க இன்னாவறது?" என்றார்.

"கரும்புக்கு செவ்வழுகல் நோவு வந்தா ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சா வைக்கறோம்?" என்றார் அண்ணன்.

"எம்பொண்ண கரும்புன்றியா நீ?"

"நோவுக்கு மருந்து பாக்கணும்ன்றேன்!"

அந்தச் சண்டையில் வினோவின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. சட்டென்று போயும் விட்டது. அண்ணன் ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்டோவில், குழந்தை உட்பட எல்லோரும் கிளம்பினோம்.

பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவில் ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு. வினோவிடம் தனியாகப் பேச எங்களை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இது வினோ செய்த தப்பு இல்லை. பிரசவத்துக்குப் பிறகு எத்தனையோ பெண்களுக்கு வருகிற ஒரு நோய். குணமாகும். தாய்ப்பால் கொடுக்கிறவளுக்கு ஒத்துப்போகிற மாத்திரை இருக்கிறது. கூடவே கவுன்சலிங். கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடக் கூடாது. அவள் தூங்க வேண்டும். குழந்தையைக் கவனிக்கிற வேலையை அவளிடமிருந்து முழுசாகப் பிடுங்கவும் கூடாது, முழுசாக அவள் தலையில் கட்டவும் கூடாது.

"இந்த ஆப்பை என்ன செய்யட்டும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"லேசான பதட்டம், தூக்கம் வராம இருக்கறது — அதுக்கெல்லாம் நல்லதுதாம்மா. நானே சில பேருக்குச் சொல்றேன். ஆனா கால் ஒடைஞ்சவங்கள வாக்கிங் போகச் சொல்ல மாட்டோம் இல்லையா? முதல்ல கட்டு போடணும்" என்றார். பிறகு வினோவைப் பார்த்து, "அது அன்பு வருதான்னு கேட்டா, வரலன்னு சொல்ல அதுல எடம் இல்ல. இங்க இருக்கு. என்கிட்ட சொல்லலாம்" என்றார்.

சதீஷுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் பண்ணினோம். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டைக் கையில் பெயிண்ட். நடந்ததைச் சொன்னால் அவனால் நம்பவே முடியவில்லை.

"இல்ல மாமா... நல்லாதான இருந்தா? இங்க பாருங்க." போனை நீட்டினான். நேற்று, முந்தாநாள், அதற்கும் முந்தின நாள்... வரிசையாக மஞ்சள் மூஞ்சிகள். எல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்தன. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

வினோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க பாப்பீங்கன்னுதான் அமுக்கினேன்."

சதீஷ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் முன்னால் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்தான். "இனிமே நேர்லயே கேக்கறேன் வினோ" என்றான். அவ்வளவுதான். போதாதா என்ன?

மறுநாள் சம்பந்தியம்மா மதகடிப்பட்டிலிருந்து வருகிறார் என்றதும் அண்ணி வெலவெலத்துப் போய்விட்டார். கடையில் கல்லாவில் உட்காருகிற அம்மா. கறார் என்றால் கறார். மேஸ்திரிகளே அவரிடம் பேரம் பேசப் பயப்படுவார்கள். வந்தார். செருப்பைக் கழற்றினார். வினோவின் அறைக்குள் போய் அவள் முகத்தைப் பார்த்தார். போர்வையை இழுத்துவிட்டு வெளியே வந்தார். அண்ணி கைகளைப் பிசைந்துகொண்டு ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார்.

"இருக்கட்டும் விடுங்க" என்றார் சம்பந்தியம்மா. "எனக்கும் ரெண்டாவது பொறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சி. புத்தி பெரண்டுடுச்சின்னு கோயிலுக்கு இஸ்துகினு போயி வேப்பிலை அடிச்சாங்க. அந்த அடிக்கு இந்த மாத்திரை எவ்வளவோ மேல்."

சொல்லிவிட்டு, குழந்தைத் துணிகளை எடுத்துக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டார். அண்ணி அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. மாத்திரை வேலை செய்யவே சில வாரம் பிடித்தது. நடுவில் ஒரு வாரம் ரொம்ப மோசம். 'நிறுத்திடறேன் அத்த, ஒண்ணும் ஆகல' என்று மெசேஜ் அனுப்பினாள். அண்ணன் அவளை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையின் அளவை மாற்றினார்கள்.

சதீஷ் தினமும் மத்தியானம், கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில், பைக்கை எடுத்துக்கொண்டு வருவான். ஆப்பில் அந்த மூஞ்சி வசதியை எடுத்துவிட்டான். "எப்படி இருக்கு இன்னிக்கு?" என்று கேட்பான். "மோசம்" என்பாள் சில நாள். முன்பென்றால் உடனே எதையாவது வாங்கிவர ஓடியிருப்பான். இப்போது, "சரி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டான். கடைக்காரனுக்கு அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கையில் கொடுக்க ஒரு சாமானும் இல்லாமல் சும்மா உட்காருவது!

பிறகு ஒரு நாள் வினோவே என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, பாப்பா தும்மிச்சி."

"சளியாடி? டாக்டர்கிட்ட —"

"ஐய, சளியெல்லாம் இல்ல. தும்மிட்டு, தானே பயந்து என்னைப் பாத்துச்சி அத்த. யாரு தும்மினதுன்ற மாதிரி. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. நெஜ சிரிப்பு. அப்புறம் ரொம்ப நேரம் அத மடியிலயே வச்சிகினு இருந்தேன். இன்னொரு தடவ தும்மாதான்னு."

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷமாகத்தான்.

இப்போது வினோ தேறிவிட்டாள். மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை சாப்பிட வேண்டும், சாப்பிடுகிறாள். அந்த ஆப்பையும் தூக்கிப் போடவில்லை. சில மத்தியானங்களில் அப்பாவும் மகளும் சேர்ந்து கேட்கிறார்கள். வேண்டாத பாடம் வந்தால் தாண்டிவிடுகிறாள். போன வாரம் அந்த ஆப் தனக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டதாம். அண்ணன் யோசித்து, ஒன்றைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொல்றா. நாம சொல்றத மட்டும் கேக்க மாட்டேன்றா" என்றார்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆப்பை மட்டும் சொல்லி என்ன பயன்? நாம் எப்படிக் கேட்கிறோம்? 'நல்லா இருக்கியா?' பாருங்கள், கேள்வியிலேயே பதிலையும் வைத்துத்தான் கொடுக்கிறோம். எதிரில் இருக்கிறவள் அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நல்லா இருக்கேன். மஞ்சள் மூஞ்சியை அமுக்குவதைவிட அது சுலபம். நாமும் திருப்தியாகக் குழந்தையைக் கொஞ்சப் போய்விடலாம்.

நேற்று முன்தினம் வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு சின்னப் பெண், கையில் பிறந்து கொஞ்ச நாளே ஆன குழந்தை. சுற்றி இருந்த அத்தனை பேரும் குழந்தையை விசாரித்தார்கள். ஆணா, பொண்ணா? எத்தனை கிலோ? பால் போதுமா? ஏன் இப்படி அழுகிறான், வயிற்று வலியோ? எல்லாவற்றுக்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

கூட்டம் இறங்கி பஸ் காலியானதும், "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கேன் ஆன்ட்டி." சிரித்தாள்.

நான் திரும்பிக்கொள்ளவில்லை; அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்கள். அவள் குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். மறுபடியும் சரி செய்தாள்.

"தூக்கமே இல்ல ஆன்ட்டி" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "சில நேரம் எங்கனா எழுந்து போயிடலாம்னு இருக்கு."

என் ஸ்டாப்பிங் வந்தது. நான் இறங்கவில்லை.